‘சீகன்பால்கு’ என்ற பெயரைத் தோண்டிப் பார்த்தேன்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாடகை வீடு தேடி அலைந்த நாட்களில் ஒரு பழைய அடுக்குமாடி வாசலில் அழைப்புமணிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே வீட்டுக்குத் தனிக் கதவு எண் கிடையாது, ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். நான் தேடி வந்த பெயருக்கு இரண்டு வரி மேலே ‘சீகன்பால்கு’. ஜெர்மன் எழுத்தில்தான் இருந்தது, இருந்தாலும் ஒரு நிமிடம் கண்ணை நம்ப முடியவில்லை. நான் பொறையாறு பக்கத்து ஆள், தரங்கம்பாடி சைக்கிளில் போய்வரும் தூரம். எங்களுக்கு அது ஒரு பெயர் இல்லை, ஒரே ஒரு மனிதர். 1706இல் ஜெர்மன் மிஷனரியாகக் கப்பலில் வந்து இறங்கி, மணலில் எழுதித் தமிழ் படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, 1719இல் 36 வயதில் இறந்து, தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமான ஐயர், எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்றைக்கு யாரோ ஒருவர் மூன்றாவது மாடியில் குடியிருந்து கரண்ட் பில் கட்டுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ‘சீகன் பால்க்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். அதனால் கல்லூரிக்குப் போகும்வரை சீகன் அவருடைய பெயர், பால்க் என்பது பால், பவுல் மாதிரி ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் பர்த்தலோமேயு. சீகன்பால்கு மொத்தமும் ஒரே சொல், குடும்பப் பெயர்.

மணியை அடிக்கவில்லை. அடித்து என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இந்தப் பெயர் எங்கே பிறந்தது, என்ன அர்த்தம், இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது, இவ்வளவுதான் தெரிய வேண்டியது. ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். குளிர்காலம் முழுக்க இழுத்துவிட்டது.

முதல் வேலை, பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று பட்டியல் போடுவது. இதைச் செய்யாமல் நேரே தேடினால் பாதி கைநழுவும், எனக்கு முதல் வாரம் அப்படித்தான் போனது. ஜெர்மனியில் அரசுப் பதிவு அலுவலகம் நாடு முழுக்க வந்தது 1876 ஜனவரியில்தான், பிரஷ்யாவில் மட்டும் அதற்குச் சற்று முன்னால், 1874 அக்டோபரில். அதற்கு முன் பெயருக்கு நிலையான எழுத்து கிடையாது. ஆலயப் பதிவேட்டில் போதகர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார், அவருக்கு அடுத்து வந்தவர் வேறு மாதிரி எழுதினார். ஜெர்மனில் சொல்லின் கடைசியில் ‘ஜி’ வந்தால் அது ‘க்’ என்றுதான் ஒலிக்கும். ஹாம்பர்க் நகரத்தின் கடைசி எழுத்தும் ‘ஜி’தான். அதனால் இந்தப் பெயரின் வால் ‘ஜி’ என்றும் இருக்கும், ‘சி-கே’ என்றும் இருக்கும். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களோ ‘ஜி’க்குப் பின்னால் ஒரு ‘ஹெச்’சையும் ஒட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் ‘கு’ என்று முடித்தது ஒலிப்படி பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, எழுத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னக் குறை மட்டும். ஜெர்மன்காரர்கள் நடுவில் ‘பல்க்’ என்று குறிலாகச் சொல்கிறார்கள், நாம் ‘பால்’ என்று நீட்டிவிட்டோம். அந்த நீட்டல்தான் என்னை பவுலிடம் கொண்டுபோய் விட்டது.

அடுத்தது பொருள். முதல் பாதி சுலபம், நாம் ‘சீகன்’ என்பது அவர்கள் வாயில் ‘ட்ஸீகன்’, ட்ஸீகெ என்றால் வெள்ளாடு. இதிலேயே ஒரு குழி இருக்கிறது, ஜாக்கிரதை. ட்ஸீக்லர் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது செங்கல், ஓடு செய்பவரின் பெயர், லத்தீனிலிருந்து வந்தது. இன்னொரு குழி ஊர்ப் பெயர்கள். ட்ஸீகன்ஹைன், ட்ஸீகன்ஹால்ஸ், ட்ஸீகன்ரூக் என்று ஆட்டில் தொடங்கும் ஊர்கள் உண்டு, அங்கிருந்து வேறு ஊருக்குக் குடிபோனவனை அந்த ஊரின் பெயராலேயே கூப்பிட்டிருப்பார்கள். நம்முடைய பெயரும் அப்படி ஒரு ஊரோ என்று பழைய ஊர்ப் பட்டியல்களில் இரண்டு மாலை செலவழித்தேன். அப்படி ஒரு ஊர் கிடைக்கவில்லை.

இரண்டாம் பாதிதான் விஷயம். பல்க். இன்றைக்கு அந்தச் சொல்லைத் தெருவில் கேட்டால் ‘அடங்காத வாண்டு’ என்ற அர்த்தத்தில்தான் வரும், அதனால் அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் பழைய பொருள் வேறு. வயிற்றைக் கிழிக்காமல், காலுறையைக் கழற்றுவதுபோல முழுசாக உரித்தெடுத்த விலங்குத் தோல். வேட்டைக்காரர்கள் முயல், நரித் தோலுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். அப்படி முழுசாக எடுத்த தோலைக் கட்டினால் பை ஆகும், பையில் காற்றை அடைத்து அமுக்கினால் கொல்லனின் ஊதுலைக்கு ஆகும். அதனால் உலை ஊதும் கருவிக்கு ப்ளாஸபல்க், ஆலயத்து ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மடிப்புக்கும் பல்க், அக்கார்டியன் மடிப்புக்கும் அதே குடும்பத்துச் சொல். ஆங்கிலத்தில் வயிற்றுக்கும் உலை ஊதும் கருவிக்கும் இருக்கும் சொற்கள்கூட இதன் சொந்தக்காரர்களே.

இதை எப்படித் தமிழில் சொல்வது என்று முட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டுத்தோல் என்றால் முழுப் பொருளும் வரவில்லை, ஆட்டுத்தோல் பை என்றால் கொல்லன் விட்டுப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் மறித்து, “துருத்திதானடா அது” என்றார். அவ்வளவுதான். கொல்லன் உலையிலும் துருத்தி, ஆர்மோனியத்திலும் துருத்தி, புதுத் திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் ஊற்ற மாட்டார்கள் என்று ஆலயத்தில் வாசிக்கும் பகுதியில் வருவதும் அதே துருத்திதான். தோல் பையும் காற்றுப் பையும் ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழியிலும் உட்கார்ந்திருக்கின்றன. சீகன்பால்கு என்றால் ஆட்டுத்துருத்தி. எட்டாவது படித்த அம்மா நான் புரட்டிய அகராதிகளையெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சரி, ஒரு மனிதனை ஏன் ஆட்டுத்துருத்தி என்று கூப்பிட வேண்டும்? ஜெர்மன் குடும்பப் பெயர்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். அப்பன் பெயரிலிருந்து வந்தது, தொழிலிலிருந்து வந்தது, குடியிருந்த இடத்தை வைத்து வந்தது, வந்த ஊரை வைத்து வந்தது, பட்டப்பெயர். இது தொழிலுக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் கணிப்பு. தோல் உரிப்பவனை, பதனிடுபவனை, தோல் வியாபாரியை நேரே தொழில்பெயர் சொல்லாமல் அவன் கையில் இருக்கும் பொருளைச் சொல்லியே கூப்பிடுவது. நம் ஊரில் ஐஸ் விற்பவரை “ஐஸ், இங்க வா” என்பதில்லையா, அப்படி. ஹாசன்பல்க், அதாவது முயல்தோல், என்று இன்னொரு குடும்பப் பெயரும் இருக்கிறது, பிரேசிலில் இன வேற்றுமை பற்றி ஆராய்ந்த கார்லோஸ் ஹாசன்பல்க் என்ற சமூகவியலாளர் அந்தப் பெயர்க்காரர். ஆக ஆடு மட்டும் தனித்து நிற்கவில்லை, விலங்குப் பெயரோடு பல்க்கைச் சேர்த்துப் பெயர் வைக்கும் வழக்கமே இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு முதல் பாதியில்தான் ஒளிந்திருந்தது. இன்றைக்கு எல்லா ஜெர்மன்காரருக்கும் ட்ஸீகெ என்றால் வெள்ளாடு. ஆனால் அது முதலில் நடு ஜெர்மனியின் சொல், 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த பைபிள் வழியாகத்தான் பொதுமொழிக்குள் பரவியது. தெற்கே பவேரியா, ஸ்வேபியா, ஆஸ்திரியா, சுவிஸ் பக்கம் போனால் வெள்ளாட்டுக்கு கைஸ் என்றுதான் பேச்சு, இப்போதும்கூட. குடும்பப் பெயர்கள் லூத்தருக்கு முன்பே ஊன்றிவிட்டவை. அப்படியென்றால் இந்தப் பெயர் தெற்கில் பிறந்திருந்தால் கைஸ் என்றல்லவா தொடங்கியிருக்கும்? ஆக வரைபடம் எதையும் திறப்பதற்கு முன்பே, சாக்சனி, துரிங்கியா சுற்றுவட்டாரம் என்று பெயரே விலாசம் சொல்லிவிட்டது. ஐயர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் ஊரும் சாக்சனியில்தான், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே. ஆனால் ஒரு ஆளை வைத்துப் பெயரின் ஊரைத் தீர்மானிக்கக் கூடாது, எண்ண வேண்டும்.

எண்ணுவதில்தான் அதிகம் அடிபட்டேன். யாருக்கு என்ன குடும்பப் பெயர் என்று ஜெர்மனியில் பொதுவில் கிடைக்கும் அரசுப் பட்டியல் எதுவும் இல்லை. பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் நம்புவது லேண்ட்லைன் டைரக்டரியை. அதிலும் 2005ஆம் ஆண்டுத் தரவு, ஏனென்றால் அதற்குப் பிறகு செல்போன் வந்து, லேண்ட்லைனை வெட்டியவர்களும் பட்டியலில் பெயர் வேண்டாம் என்றவர்களும் பெருகி, டைரக்டரி மெலிந்துபோனது. அந்த 2005 தரவில் சுமார் 2.8 கோடி வீட்டு இணைப்புகள், அவற்றில் சுமார் எட்டரை லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். அப்போது மக்கள்தொகை சுமார் 8.2 கோடி. ஆக ஒரு இணைப்புக்கு 2.9 பேர் என்று பெருக்கிக்கொள்கிறார்கள். முதலிடத்தில் இருக்கும் ம்யுல்லருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் இணைப்புகள், பெருக்கினால் ஏழு லட்சம் பேரைத் தாண்டும். மைன்ஸ் நகரத்து அகாதெமி 2012இல் தொடங்கிய குடும்பப் பெயர் டிஜிட்டல் அகராதி, குறைந்தது பத்து இணைப்பாவது உள்ள பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அவையே சுமார் இரண்டு லட்சம்தான். மிச்சமிருக்கும் ஆறரை லட்சம் பெயர்களுக்கும் பத்து இணைப்புகூடக் கிடையாது! அவற்றில் வெளிநாட்டுப் பெயர்கள், தட்டச்சுப் பிழைகள் எல்லாம் கலந்திருக்கும், இருந்தாலும் தலை சுற்றுகிறது.

சீகன்பால்கு அவ்வளவு அடியில் இல்லை. டைரக்டரியை வைத்து வரைபடம் போடும் கருவியில் தட்டியதும் கிழக்கே ஒரு மூலையில் நிறம் திரண்டது, சாக்சனி. மற்ற இடங்களில் அங்கொன்று இங்கொன்று. பெருக்கிப் பார்த்தால் சில நூறு பேர், நாடு முழுக்கச் சேர்த்து. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாக 2.9ஆல் பெருக்கி, தசமப் புள்ளியோடு ஒரு அட்டவணை போட்டு, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வைத்திருந்தேன். ம்யுல்லருக்கு அந்தக் கணக்கு சரி, ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஒரே ஒரு இணைப்பு இருக்கும் மாவட்டத்தில் அது தனியாக வாழும் ஒரு பாட்டியாக இருக்கலாம், ஏழு பேர் உள்ள வீடாகவும் இருக்கலாம். அங்கே 2.9 மனிதர்கள் என்று எழுதுவது கிறுக்குத்தனம். அட்டவணையை அழித்துவிட்டு ‘அதிகம், கொஞ்சம், இல்லை’ என்று மூன்று நிறமாக மட்டும் வைத்துக்கொண்டேன். ஊர் வாரியாக எண்ணை வெளியே போடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இவ்வளவு அரிய பெயரில் ஊர்ப் பெயரையும் போட்டால் அது புள்ளிவிவரம் இல்லை, யாரோ ஒருவரின் வீட்டு விலாசம்.

இன்னொரு தடுக்கல், பழைய டைரக்டரி. 1990களின் தொடக்கத்துத் தரவு ஒன்று கிடைத்தபோது அதில் சாக்சனி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது, என் துப்பு எல்லாம் தப்போ என்று பயந்துவிட்டேன். காரணம் வேறு. கிழக்கு ஜெர்மனியில் வீட்டுக்குப் போன் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. போன் இல்லாதவர்கள் டைரக்டரியில் எப்படி வருவார்கள்? ஆள் இருந்தார்கள், கம்பிதான் இல்லை.

இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது என்று பிறகுதான் உறைத்தது. 1945க்குப் பிறகு கிழக்கேயிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டு வந்தார்கள், பெர்லின் சுவர் எழும்பும்வரை கிழக்கிலிருந்து மேற்குக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இந்தக் கலக்கலுக்கு முந்தைய படம் வேண்டும். அதற்குக் கைகொடுத்தது ஒரு சோகமான ஆவணம், முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் என்று 1914 ஆகஸ்டிலிருந்து அரசு அச்சிட்டுக்கொண்டே வந்தது, பெயருக்குப் பக்கத்தில் சொந்த ஊரும் இருக்கும். வம்சாவளி ஆர்வலர்கள் தன்னார்வமாக உட்கார்ந்து 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கைக்கு மோதிரம் போட வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை காயம்பட்டால் இரண்டு முறை வருவான், அதனால் இதில் ஆள் கணக்கு எடுக்க முடியாது, ஊர்க் கணக்குத்தான். அச்சு முழுக்க ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்து, அதில் இந்தப் பெயரின் முதல் எழுத்தான இசட் பார்ப்பதற்கு 3 மாதிரி இருக்கும், பெரிய ‘பி’யும் ‘வி’யும் இரட்டைப் பிள்ளைகள். அதனால் தொடக்க எழுத்தைவிட்டு நடுத்துண்டை வைத்துத் தேடியதும்தான் ஒழுங்காக வர ஆரம்பித்தது. இங்கேயும் சாக்சனிதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு பையன் இருக்கிறான் என்பதால் அன்றைக்கு ராத்திரி சீக்கிரமே மூடி வைத்துவிட்டேன்.

ஆலயப் பதிவேட்டுக்குப் போனபோது இன்னும் மோசம். அது கூரண்ட் கையெழுத்து, பள்ளிகளில் 1941இல் நிறுத்தப்பட்டுவிட்டதால் ஜெர்மன்காரர்களிலேயே பெரும்பாலோர்க்குப் படிக்க வராது. ‘இ’யும் ‘என்’னும் ஒரே ரம்பப் பல், ‘யு’வுக்கு மட்டும் தலையில் ஒரு வளைவு போட்டுக் காட்டுவார்கள். சீகன்பால்கு என்ற சொல்லின் முதல் பாதி முழுக்க அந்த ரம்பப் பற்கள்தான். ஒரு தாளில் அந்த எழுத்தில் என் பெயரை நூறு தடவை எழுதிப் பழகினேன், கை பழகியதும் கண் தானாகப் பழகியது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பெண்கள் யாருமே அகப்படவில்லை. ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய்மார் வரிசையாக வருகிறார்கள், நம் பெயர்க்காரி ஒருத்திகூட இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெண்ணின் குடும்பப் பெயருக்குக் கடைசியில் ‘இன்’ சேர்த்து எழுதுவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும், ம்யுல்லரின், ஷ்மிட்டின் என்று. தெரிந்தும் தேடும்போது மறந்துவிட்டேன். சீகன்பால்கின் என்று தேடியிருக்க வேண்டும். மறுபடி முதல் பக்கத்திலிருந்து. பெண்கள் பக்கம் பெயர் எப்படித் தேய்கிறது என்பதும் இதில் சேர்ந்தே தெரிகிறது, 1976 வரை மேற்கு ஜெர்மனியில் கல்யாணமானால் கணவன் பெயர்தான், பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த வீட்டோடு ஒரு அரிய பெயர் அப்படியே அணைந்துவிடும். இப்போது மனைவி பெயரையும் எடுக்கலாம், அவரவர் பெயரோடும் இருக்கலாம், 2025 மே மாதத்திலிருந்து இருவருமே இரட்டைப் பெயரும் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, காமென்ஸ் போகும் ரயிலில் ஏறி புல்ஸ்னிட்ஸில் இறங்கினேன். சின்ன ஊர். 1558இலிருந்து பெஃபர்குஹன் என்ற மசாலா கேக்குக்குப் பேர்போனது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் மூக்கே வழிகாட்டும், ஏலக்காய், கிராம்பு, பட்டை வாசனை. கிழக்கேயிருந்து கப்பலில் வந்த மசாலாவின் வாசனையில் வளர்ந்த பையன் பிறகு அந்தக் கிழக்குக்கே கப்பலேறினான் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவன் போனது மிளகுக்காக இல்லை. நான் ஒரு பெட்டி கேக் வாங்கினேன், அம்மாவுக்கு அனுப்ப. கடைக்கார அம்மாவிடம் தரங்கம்பாடி பக்கம் என்று சொன்னதும் “ஆ, ட்ஸீகன்பல்க்!” என்றார், அதே குறில். நானும் பதிலுக்குக் குறிலாகவே சொன்னேன், முதல் தடவையாக.

கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி. உலகம் முழுமைக்கும் வரைபடம் போடும் ஒரு கருவியில் இந்தப் பெயரைப் போட்டபோது தமிழ்நாட்டில் சில புள்ளிகள் வந்தன. குடிபெயர்ந்த ஜெர்மன் குடும்பம் என்று யாராவது கதை கட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது அப்படி இல்லை. எங்கள் பக்கத்து லுத்தரன் வீடுகளில் பிள்ளைகளுக்கு சீகன்பால்கு என்று முதல் பெயர் வைப்பது உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து பாஸ்போர்ட் எடுக்கும்போது, படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். கணினிக்கு என்ன தெரியும், அதுவும் ஒரு ஆட்டுத்துருத்திக் குடும்பம் என்று எண்ணிக்கொள்கிறது. அரிய பெயரின் கணக்கில் இது சின்னக் கலப்படம் இல்லை. முதலில் அந்த வரிகளை அழித்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து, மொத்தத்தில் சேர்க்காமல், வேறு நிறம் மட்டும் கொடுத்தேன். இப்போது என் வரைபடத்தில் சாக்சனி பழுப்பு, காவிரிக் கடைமடை பச்சை.